எனக்கு வரைய வராதே, என்ன செய்வது?

கட்டடக்கலைப் படிப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களிடமிருந்து இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. எல்லாமே வரைதலையும் அடிப்படை வடிவமைப்பையும் சுற்றியே இருப்பதால் ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பள்ளியில் கணக்கும் இயற்பியலும் நன்றாக வந்தன, அந்தத் தைரியத்தில் இந்தப் படிப்பில் சேர்ந்துவிட்டேன். ஓவியப் பழக்கமே கிடையாது. வகுப்பில் பாதிப் பேர் முகம், பூ, நிழல் என்று பிரமாதமாக வரைகிறார்கள். நான் தேறுவேனா சார்?

தேறுவீர்கள். முகம் வரைகிறவர்களுக்குக் கை கொஞ்சம் முன்பே பழகியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். கட்டடக்கலையில் வரைவது என்றால் முதலில் அளப்பது. கதவு சுவரில் எங்கே தொடங்குகிறது, அகலம் எவ்வளவு, அதன் மேல்விளிம்பும் சன்னலின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பது, பார்த்ததை இன்னொருவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி தாளில் கொண்டுவருவது. கணக்கு வரும் என்கிறீர்களே, அது இதற்குப் பெரிய துணை.

கையைப் பழக்க ஒரு வழி சொல்கிறேன். தாளில் ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டு புள்ளி வையுங்கள். ஸ்கேல் வேண்டாம். பென்சிலை முதல் புள்ளியில் வைத்துவிட்டு, கண்ணை இரண்டாவது புள்ளியிலேயே நிறுத்தி, மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து முழுக் கையையும் நகர்த்திக் கோடு போடுங்கள். பென்சில் முனையைப் பார்த்துக்கொண்டே போட்டால் கோடு எங்கேயோ போய்விடும், சேர வேண்டிய இடத்தைப் பார்த்தால் அங்கே போய்ச் சேரும். நடுவில் லேசாக நடுங்கினால் பரவாயில்லை. ஆனால் துண்டு துண்டாக, முடி மாதிரி, ஒரே கோட்டை நான்கு முறை தடவித் தடவி வரையும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள், அது பிறகு விடுவதற்குக் கஷ்டமான பழக்கம்.

அப்புறம், போட்ட கோட்டைக் கண்ணாலேயே பாதியாகப் பிரியுங்கள், மூன்றாகப் பிரியுங்கள், பிரித்த பிறகு ஸ்கேல் வைத்துச் சரிபாருங்கள். முதலில் நிறையத் தப்பும். தினமும் கொஞ்ச நேரம் செய்தால் கண் தானாகவே திருத்திக்கொள்ளும். இதே கண்ணை வைத்துக் கதவைப் பாருங்கள். கையை முழுக்க நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலின் மேல் கட்டைவிரலால் கதவின் அகலத்தைக் குறித்துக்கொண்டு, அந்த அகலம் உயரத்தில் எத்தனை முறை அடங்குகிறது என்று எண்ணுங்கள். 900 மி.மீ. அகலமும் 2100 மி.மீ. உயரமும் உள்ள கதவு என்றால் இரண்டே கால் முறைக்குக் கொஞ்சம் மேலே வரும். நீங்கள் மூன்று மடங்கு உயரம் வரைந்திருந்தால் அது அறைக் கதவாகத் தெரியாது, அலமாரிக் கதவாகத்தான் தெரியும். பார்த்து வரையும்போது முழங்கை மடங்கக் கூடாது, மடங்கினால் ஒவ்வொரு முறையும் அளவு மாறிவிடும்.

முகம் வரையும் நண்பர்களோடு உங்களை ஒப்பிட வேண்டாம். முடிந்தால் அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து வரையுங்கள், அவர்கள் நிழல் போடுவதைப் பார்த்து நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

கேள்வி: என் ஷீட்டில் அளவு எல்லாம் சரி, அழுக்கு இல்லை, கசங்கல் இல்லை. ஆனாலும் 'ஃபிளாட்டா இருக்கு, லைன் வெயிட் இல்லை' என்று திருப்பித் தருகிறார்கள். என்ன எதிர்பார்க்கிறார்கள்?

லைன் வெயிட் என்றால் கோடுகளுக்கு இடையே உள்ள தடிப்பு வித்தியாசம். முதலாண்டில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் உருப்படியாகக் கற்றுக்கொள்ள முடியும் என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன்.

பிளான் என்பது மேலிருந்து பார்த்த படம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது வெட்டிய படம். தரையிலிருந்து ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரத்தில் கட்டடத்தைக் கிடைமட்டமாக அறுத்து, மேல்பாதியை எடுத்துவிட்டுக் கீழே பார்க்கிறோம். அறுபட்டது எதுவோ அது கனமான கோடு. அறுபடாமல் கீழே தெரிவது மெல்லிய கோடு. எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு மெலிவு. வெட்டுக்கு மேலே இருப்பவை, அதாவது பீம், சன்ஷேடு, உயரத்தில் இருக்கும் வென்டிலேட்டர் ஆகியவை விட்டு விட்டு வரும் கோடு.

ஒரு சன்னலை எடுத்துக்கொள்வோம். அதன் அடிமட்டம் 900 மி.மீ.யில் இருக்கிறது என்றால் நம் வெட்டு அதன் வழியாகப் போகிறது. இருபக்கமும் சுவர் அறுபட்டு நிற்கும், அது கனம். சன்னலுக்கு நேர்கீழே இருக்கும் சுவர் அறுபடவில்லை, அதன் மேல்பரப்புதான் நமக்குத் தெரிகிறது. எனவே அதன் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் மெல்லிய கோடுகள். நடுவில் சட்டமும் கண்ணாடியும் அறுபட்டவை. ஆனால் சின்னப் பொருள்கள் என்பதால் சுவர் அளவுக்குக் கனம் தர முடியாது, நடுத்தரக் கோடு போதும். இந்த நான்கைந்து கோடுகளையும் ஒரே தடிப்பில் போட்டால் சன்னல் சுவருக்குள் காணாமல் போய்விடும், பார்ப்பவர் அதைச் சுவரில் கிடக்கும் கோடுகளாகத்தான் படிப்பார். 'ஃபிளாட்' என்று சொன்னது இதைத்தான்.

பேனாவில் வரைகிறீர்கள் என்றால் சுவருக்கு 0.5 மி.மீ., சட்டம், தளவாடங்களுக்கு 0.25, தரை ஓடு மாதிரி விவரங்களுக்கு 0.13 என்று தொடங்கலாம். பேனா அளவுகள் 0.18, 0.25, 0.35, 0.5, 0.7 என்று ஏன் விசித்திரமாகப் போகின்றன தெரியுமா? ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்கு, அதாவது இரண்டின் வர்க்கமூலம். தாள்களும் அதே கணக்கில்தான் வெட்டப்படுகின்றன. ஏ1 தாள் 594க்கு 841 மி.மீ., அதைப் பாதியாக மடித்தால் 420க்கு 594, அதுதான் ஏ2. ஏ1-இல் 0.5 பேனாவால் வரைந்ததை ஏ2 அளவுக்குச் சுருக்கினால் அந்தக் கோடு 0.35 ஆகிவிடும், அடுத்த பேனாவின் அளவு! எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

பென்சில் என்றால் (எச் கடினமான, வெளிறிய முனை; பி மென்மையான, கறுத்த முனை) அளவுக்கோடுகளை 2எச்-இல் லேசாகப் போட்டுவிட்டு, தெரிபவற்றுக்கு எச், வெட்டுக்கு எச்பி அல்லது பி. அழுத்திப் போட்டால் கனம் வந்துவிடும் என்று 2எச்-ஐ அழுத்தாதீர்கள், தாளில் பள்ளம்தான் விழும். டி-ஸ்கொயர் என்ற T வடிவ அளவுகோலின் ஓரமாக இழுக்கும்போது பென்சிலை விரல்களுக்கிடையே மெதுவாகச் சுழற்றிக்கொண்டே வாருங்கள், முனை ஒருபக்கம் தேயாது, கோடு முழுக்க ஒரே தடிப்பில் இருக்கும். மூலைகளில் கோடுகள் தொடாமல் நிற்பதைவிட ஒரு மயிரிழை தாண்டிப் போவது மேல்.

கேள்வி: எப்படியும் பிறகு கம்ப்யூட்டரில்தானே வரையப் போகிறோம். நேராக மென்பொருளைக் கற்றுக்கொண்டால் நேரம் மிச்சமாகாதா?

மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். ஆனால் முதல் சில மாதங்கள் கையில் வரைந்த பிறகு. திரையில் எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிக்கொண்டே போகலாம், அதனால் ஸ்கேல், அதாவது தாளில் இருக்கும் அளவுக்கும் நிஜ அளவுக்கும் உள்ள விகிதம், என்ற உணர்வே வராது. 1:100-இல் 0.5 மி.மீ. கோடு ஒன்று போட்டால் அந்தக் கோட்டின் தடிப்பே நிஜத்தில் 50 மி.மீ.க்குச் சமம். சுவர்ப் பூச்சு 12 மி.மீ.தான் இருக்கும், அதை அந்த ஸ்கேலில் எப்படிக் காட்டுவீர்கள்? காட்ட முடியாது, காட்டவும் கூடாது, அதற்கு 1:10 அல்லது 1:5 விவரப் படம் இருக்கிறது. எந்த ஸ்கேலில் எதைச் சொல்லலாம் என்பது கை பென்சிலைப் பிடித்திருக்கும்போது தானாகப் புரியும். அது புரியாமல் திரையில் வரைந்து பிரின்ட் எடுத்தால் விவரங்கள் எல்லாம் கறுப்புத் திட்டாக வந்து நிற்கும்.

கேள்வி: பேசிக் டிசைன் வகுப்பில் கறுப்புச் சதுரங்களை ஒட்டு, காகிதத்தை மடி என்கிறார்கள். கட்டடத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நியாயமான கேள்வி. யாரும் விளக்காமல் செய்யச் சொன்னால் எரிச்சல் வரத்தான் செய்யும்.

இந்த வகுப்பின் வேர் பௌஹவுஸில் இருக்கிறது. 1919-இல் ஜெர்மனியின் வைமார் நகரில் வால்டர் க்ரோப்பியஸ் தொடங்கிய கல்விக்கூடம் அது. அங்கே மாணவர்கள் எந்தப் பட்டறைக்குப் போவதற்கு முன்பும் ஒரு பொதுவான அடிப்படைப் பயிற்சியை முடிக்க வேண்டும். முதலில் யோஹன்னஸ் இட்டன் நடத்தினார், பிறகு லாஸ்லோ மொஹோலி-நாகியும் யோசெப் ஆல்பர்ஸும். இத்தனைக்கும் அங்கே கட்டடக்கலைக்கென்று தனித் துறை வந்ததே 1927-இல்தான்.

ஆல்பர்ஸின் வகுப்பில் இருந்த ஒரு மாணவர் பின்னாளில் எழுதிய நினைவு ஒன்று உண்டு. ஆல்பர்ஸ் எல்லோருக்கும் செய்தித்தாளைக் கொடுத்து, இந்தப் பொருளின் இயல்பை மதித்து ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். திரும்பி வந்தால் கோட்டை, கப்பல், விமானம், மிருகம் என்று குவிந்திருக்கின்றன. இவற்றை வேறு பொருளில் இன்னும் நன்றாகச் செய்திருக்கலாமே என்கிறார். பிறகு, தாளை நீளவாக்கில் மடித்து நிற்க மட்டும் வைத்திருந்த ஒரு மாணவரின் வேலையைக் காட்டுகிறார். துவண்டு கிடக்கும் தாள் ஒரே ஒரு மடிப்பினால் எழுந்து நிற்கிறது. மடிப்புக் கூரையும் நெளிவுத் தகடும் இதே காரணத்தால்தான் பாரம் தாங்குகின்றன. இப்போது சம்பந்தம் தெரிகிறதா?

சதுரங்களும் அப்படித்தான். நான்கு கறுப்புச் சதுரங்களை வெள்ளைத் தாளில் நகர்த்திப் பார்க்கும்போது சதுரங்களைப் பார்க்காதீர்கள், அவற்றுக்கு நடுவே கிடக்கும் வெள்ளையைப் பாருங்கள். நெருக்கினால் சந்து, விலக்கினால் முற்றம். கட்டடத்தில் மனிதர்கள் புழங்குவது அந்த வெள்ளையில்தான். அடுத்த முறை ஒட்டுவதற்கு முன்னால் பத்து விதமாக நகர்த்திப் பார்த்து, ஒவ்வொன்றையும் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எது ஏன் நன்றாக இருக்கிறது என்று உங்களால் ஒரு வரி சொல்ல முடிந்தால் அந்தப் பயிற்சி வேலை செய்துவிட்டது.

கேள்வி: முதல் டிசைன் கொடுத்திருக்கிறார்கள், ஒருவர் தங்கிப் படிக்க ஒரு சின்ன அறை. 'கான்செப்ட் என்ன' என்று கேட்கிறார்கள். ஒரு வாரமாக யோசிக்கிறேன், எதுவும் வரவில்லை.

யோசிப்பதை நிறுத்திவிட்டு டேப்பை எடுங்கள். நீங்கள் இப்போது இருக்கும் அறையை அளந்து 1:50-இல் ஒரு பிளானும், செங்குத்தாக வெட்டிய படமான ஒரு செக்‌ஷனும் வரையுங்கள். 3 மீட்டர் சுவர் தாளில் 60 மி.மீ. வரும். கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருந்தால் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழ முடிகிறது, உட்கார்ந்தால் கண் எந்த உயரத்தில் வருகிறது, அந்த உயரத்திலிருந்து சன்னல் வழியே வானம் தெரிகிறதா, சுவர் தெரிகிறதா, இதையெல்லாம் எழுதி வையுங்கள். மாடியோ மேடையோ வைக்கப் போகிறீர்கள் என்றால் படியையும் அளங்கள். பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் பிரான்சுவா ப்ளோண்டெல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: படியின் உயரத்தை இரண்டால் பெருக்கி மிதியின் அகலத்தைக் கூட்டினால் ஓர் ஆள் நடக்கும்போது ஓர் எட்டு வைக்கும் தூரம் வர வேண்டும். 150 உயரமும் 300 மிதியும் என்றால் 600 மி.மீ., ஏற வசதியான படி.

இவ்வளவும் கையில் இருந்தால் கான்செப்ட் தானாக முளைக்கும். 'காலை வெளிச்சம் மேசைமேல் விழ வேண்டும்' என்பது போதுமான கான்செப்ட். பறவையின் சிறகு, தாமரை இதழ் என்று வடிவத்தைத் தேடிப் போக வேண்டாம் என்பது என் கருத்து. அந்த வழியில் போனால் இதழுக்குள் கட்டிலை எங்கே போடுவது என்ற சண்டையிலேயே சப்மிஷன் வந்துவிடும்.

வரையும்போது பட்டர் பேப்பரை, அதாவது அடியில் இருப்பது தெரியும் மெல்லிய தாளை, பயன்படுத்துங்கள். முதல் பிளானின் மேல் ஒரு தாளை வைத்து, பிடித்ததை மட்டும் மேலே எடுத்து, பிடிக்காததை மாற்றி வரையுங்கள், அதன் மேல் இன்னொரு தாள். ரப்பரைத் தொடவே கூடாது. அழித்தால் நீங்கள் எப்படி யோசித்தீர்கள் என்பதும் சேர்ந்து அழிந்துவிடும், ஜூரியில், அதாவது வேலையை மதிப்பிடும் அமர்வில், ஆசிரியர்கள் பார்க்க விரும்புவது அதைத்தான். நடுவில் ஒருமுறை அட்டையில் அவசர மாடல் ஒன்று செய்து கண் மட்டத்துக்குத் தூக்கிப் பாருங்கள், பிளானில் தெரியாத தவறு அதில் பளிச்சென்று தெரியும். அட்டையை வெட்டும்போது ஒரே இழுப்பில் வெட்ட முயல வேண்டாம். இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, லேசாக மூன்று நான்கு முறை இழுங்கள். விளிம்பும் நேராக வரும், விரலும் தப்பிக்கும்.

கேள்வி: மகள் முதலாண்டு படிக்கிறாள். வாரத்தில் பாதி இரவு தூங்குவதே இல்லை. இந்தப் படிப்பே இப்படித்தானா?

வேலை அதிகம் என்பது உண்மை. ஆனால் தூக்கம் கெட்டால்தான் படிப்பு என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெரும்பாலும் இரவு போவது திரும்ப வரைவதில்தான். தூக்கக் கலக்கத்தில் ஒரு கோடு தப்பும், ஷீட்டையே மாற்ற வேண்டி வரும். ஷீட்டில் எந்தப் படம் எங்கே வரும், தலைப்பு எங்கே என்று ஒரு சின்னத் தாளில் முதலில் குறித்துக்கொள்ளட்டும், பென்சில் வேலை சப்மிஷனுக்கு முந்தைய நாள் மாலைக்குள் முடியட்டும், மை போடுவதைப் பகலில் செய்யட்டும். நீங்கள் செய்ய வேண்டியது, இரவில் விளக்கை அணைக்கச் சொல்லி உரிமையோடு கேட்பது.

கேள்வி: டூ பாயின்ட் பர்ஸ்பெக்டிவ் வரைந்தால் கட்டடத்தின் மூலை ஈட்டி மாதிரி துருத்திக்கொண்டு வருகிறது. முறைப்படிதான் வரைகிறேன்.

முறை சரியாக இருக்கும், வேனிஷிங் பாயின்ட் (இணைகோடுகள் தூரத்தில் போய்ச் சேர்வதாகத் தெரியும் புள்ளி) இரண்டையும் தாளுக்குள்ளேயே அடக்க ஆசைப்பட்டிருப்பீர்கள். அவை நெருக்கமாக இருந்தால், கட்டடத்துக்கு மிக அருகில் போய் நின்று பார்ப்பது போலாகிவிடும். நின்று பார்க்கும் இடத்திலிருந்து கட்டடம் முழுவதும் 60 டிகிரிக் கோணத்துக்குள் அடங்கினால் கோணல் பெரிதாகத் தெரியாது, 30 டிகிரி என்றால் இன்னும் இயல்பாக இருக்கும். ஹொரைசன் கோட்டை, அதாவது தொடுவானக் கோட்டை, ஆள் நின்று பார்க்கும் கண் உயரத்தில், 1.5 அல்லது 1.6 மீட்டரில் வையுங்கள். அப்படி வைத்தால் சமதரையில் நிற்கும் பெரியவர்கள் எத்தனை தூரத்தில் இருந்தாலும் அவர்களின் கண்கள் அந்தக் கோட்டிலேயே வரும், ஆள்களை வரைவது சுலபமாகிவிடும். வேனிஷிங் பாயின்ட்டுக்கு இடம் போதவில்லை என்றால் ஷீட்டின் இருபக்கமும் பழைய தாள்களை மேசையோடு டேப் போட்டு ஒட்டி, புள்ளிகளை அவற்றில் குறித்துக்கொள்ளுங்கள்.