ஒரே கோளாற்றுக்கு ஜிராவில் பல டிக்கெட்டுகள் திறப்பதை எப்படித் தடுப்பது?

கண்காணிப்பு எச்சரிக்கைகளைக் குழுவாக்கி அனுப்பும் அலர்ட்மேனேஜரின் வெப்ஹூக்கை (நிகழ்வு நடந்ததும் தானாக வரும் இணையச் செய்தியை) வாங்கி, பணிகளைப் பதிந்து பின்தொடரும் ஜிராவில் டிக்கெட் (பணிப் பதிவு) திறக்கும் நிரல் ஒன்றை எழுதிவிட்டதாகவும், ஒரே கோளாற்றுக்குப் பத்துப் பதினைந்து டிக்கெட்டுகள் வந்து குவிவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். கோலாலம்பூரில், பங்சார் சவுத்திலுள்ள அலுவலகம் ஒன்றில் இதே இணைப்பைச் செய்து இதே தொல்லையை அனுபவித்தவன் நான். எது ஒரு கோளாறு, எது ஒரு டிக்கெட் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நிரலைத் திருத்துவது அதற்குப் பிறகுதான்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நள்ளிரவில் கட்டுக்கடங்காமல் எழுதப்பட்ட லாக் கோப்புகளால் செயலிகளைப் பல கணினிகளில் இயக்கும் எங்கள் குபெர்னெட்டிஸ் அமைப்பின் நோடுகளுடைய (கணினிகளுடைய) வட்டு ஒவ்வொன்றாக நிரம்பியது. அவற்றில் செயலிகளை இயக்கும் சிறு அலகுகளான பாட்கள் வெளியேற்றப்பட்டு, அவற்றுக்குப் பதிலாகப் புதியவை எழுந்துகொண்டே இருந்தன. பாட்களை நிர்வகிக்கும் டிப்ளாய்மென்ட் எழுப்பும் ஒவ்வொரு புதிய பாட்டுக்கும் பெயரின் வால் மாறும் என்பதை மறந்து, எவற்றை வைத்து எச்சரிக்கைகளைக் குழுவாக்குவது என்று சொல்லும் அலர்ட்மேனேஜரின் 'குரூப் பை' பட்டியலில் பாட் பெயரையும் சேர்த்திருந்தோம். ஆகவே ஒவ்வொரு பெயரும் தனிக் குழுவாகி, ஒவ்வொரு குழுவும் தனி டிக்கெட்டாகியது. காலையில் பணிக்கு வந்த, எங்களோடு வேலை செய்யும் அக்கா 180-க்கும் மேற்பட்ட டிக்கெட்டுகளைப் பார்த்தார். வட்டு நிரம்பியதைச் சொன்ன டிக்கெட்டும் அவற்றுள் இருந்தது. ஆனால் அலர்ட்மேனேஜர் தந்த யுடிசி எனும் உலகப் பொது நேரத்தை அப்படியே ஒட்டியிருந்ததால், அதிகாலை 2:40 மணி நிகழ்வு முந்தைய நாள் 18:40 என்று தெரிந்தது. பழையது என்று எண்ணி அவர் அதைக் கடந்துவிட்டார். அவர்மேல் தவறில்லை, மலேசிய நேரத்துக்கான 8 மணி நேரத்தைக் கூட்டிக் காட்டாதது எங்கள் தவறு.

எனவே எச்சரிக்கையின் பெயர், கிளஸ்டர் (நோடுகளின் தொகுப்பு), சேவை ஆகிய நிலையான லேபிள்களை (குறிச்சொற்களை) மட்டும் வைத்துக் குழுவாக்குங்கள். பாட் பெயர்கள் டிக்கெட்டின் விவரப் பகுதியில் இருந்தால் போதும். அடுத்து, வெப்ஹூக்கில் வரும் 'குரூப் கீ' என்ற குழு அடையாள மதிப்பை ஹாஷ் செய்து (சுருக்கக் குறியாக மாற்றி) ஜிரா லேபிளாக இடுங்கள். ஜிரா லேபிளில் இடைவெளி வரக்கூடாது என்பதாலும் ஹாஷ்தான் வசதி. தீராத அதே கோளாற்றுக்கு இயல்பாகவே 4 மணி நேரத்துக்கு ஒரு முறை அறிவிப்பு மறுபடி வரும் என்பதால், புதிய டிக்கெட் திறக்குமுன் அந்த லேபிளோடு முடிக்கப்படாத டிக்கெட் இருக்கிறதா என்று தேடி, இருந்தால் அதில் கருத்து மட்டும் சேர்க்க வேண்டும். ஜிரா கிளவுடில், சற்றுமுன் திறந்த டிக்கெட் தேடலில் உடனே அகப்படாமல் போகலாம். ஆகவே ஹாஷையும் டிக்கெட் எண்ணையும் நிரலின் பக்கத்திலும் சேமித்து வையுங்கள். இவ்வளவையும் சொந்தமாக எழுத நேரமில்லையென்றால், அலர்ட்மேனேஜரை உள்ளடக்கிய கண்காணிப்புத் திட்டமான புரொமிதியஸின் சமூகத்தார் உருவாக்கிய ஜிராலர்ட் என்ற திறமூலக் கருவி பெரும்பாலும் இதே முறையில்தான் இயங்குகிறது. மூடிய டிக்கெட்டை எத்தனை நாளுக்குள் மீண்டும் திறக்கலாம் என்பதையும் அதில் குறிப்பிடலாம்.

'தீர்ந்தது' என்ற அறிவிப்பு வந்தவுடன் டிக்கெட்டைத் தானாக மூடுவதை நான் விரும்புவதில்லை. எச்சரிக்கை அடங்கியது என்பதற்குக் காரணம் கண்டறியப்பட்டது என்று பொருளில்லை. கருத்தாகப் பதிந்துவிட்டு, மூடுவதை மனிதரிடம் விடுங்கள்.

ஏபிஐ டோக்கனை (நிரல் ஜிராவுக்குள் நுழையப் பயன்படுத்தும் திறவுச்சொல்லை) ஊழியர் ஒருவரின் கணக்கில் எடுக்காமல், இதற்கெனத் தனிக் கணக்கில் எடுங்கள். ஊழியரின் கணக்கில் எடுத்தால், அவர் வேலையை விட்டுப் போன நாளில் ஜிரா 401 (அடையாளம் ஏற்கப்படவில்லை) என்று மறுக்கத் தொடங்கும். உங்கள் நிரல் அதே எண்ணைத் திருப்பியனுப்பினால், அலர்ட்மேனேஜர் 5-இல் தொடங்கும் பிழைகளுக்கு மட்டுமே மறுமுயற்சி செய்யும் என்பதால், அந்த அறிவிப்பு அங்கேயே நின்றுவிடும். நிரல் பிழையை விழுங்கி 200 (வெற்றி) அனுப்பினாலோ, தவறியதே பதிவாகாது. தவறிய அறிவிப்புகளை அலர்ட்மேனேஜர் தானே எண்ணி வைக்கிறது. அந்த எண்ணிக்கை உயர்ந்தால் ஜிரா வழியாக அல்லாமல், பணியில் இருப்பவரின் தொலைபேசிக்கே நேராகச் செல்லும்படி ஓர் எச்சரிக்கையை அமையுங்கள்.