மூச்சுப் பிடிக்க முடியாதவருக்கு இதய சி.டி. எடுக்க முடியுமா?

அப்பாவுக்குப் பல வருடமாக சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் சுருங்கி இளைக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்), இப்போது இதயத்துக்கு சி.டி. ஆஞ்சியோ (மருந்து ஏற்றி இதய ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஸ்கேன்) எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், மூச்சை அடக்க முடியாதவருக்கு அது சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். சரிவரும். ஆனால் முன்கூட்டியே தயார் செய்துகொண்டு போக வேண்டும். அம்மாவுக்கு இரண்டு தடவை எடுத்ததில் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

அம்மா பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை வறுக்கும் இடத்தில் 20 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். வீட்டிலும் விறகடுப்பு. பீடியைத் தொடாமலேயே நுரையீரல் கெட்டுப்போனது. போன வருடம் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வழக்கமான இளைப்பா, இதயமா? டிஎம்டி (ஓடும் பட்டையில் நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும் சோதனை) செய்ய அவரால் நடக்க முடியாது. இதயத்துக்கான அல்ட்ராசவுண்டான எக்கோவும் தெளிவாக விழவில்லை. உப்பிய நுரையீரல் இதயத்தை மறைத்துக்கொள்ளும், அந்தக் காற்றைத் தாண்டி அல்ட்ராசவுண்டு போகாதாம். அப்புறம்தான் சி.டி.க்கு வந்தோம்.

முதலில் போன ஸ்கேன் சென்டரில் எதுவும் கேட்கவில்லை. பயத்தில் அம்மா வாசலிலேயே இன்ஹேலரை இரண்டு தடவை அடித்துக்கொண்டார். அதில் இருக்கும் சால்பியூட்டமால் மருந்து நாடித்துடிப்பை ஏற்றும் என்று எனக்கும் அப்போது தெரியாது. துடிப்பு 96. பாதியில் இருமலும் வந்து படம் கலங்கிப்போனது. கதிர்வீச்சும், ரத்தக்குழாய் படத்தில் தெரிய ஊசியில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்தும் வீணாக உடம்புக்குள் போனதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

இரண்டாவது தடவை புதுச்சேரியில். துடிப்பு 60, 65க்குள் இருந்தால்தான் ரத்தக்குழாய் தெளிவாகத் தெரியும் என்றார் டாக்டர். அதற்கு வழக்கமாகக் கொடுப்பது மெட்டோப்ரோலால் மாதிரி, துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர். சி.ஓ.பி.டி. உள்ள பலருக்கு அது ஒத்துக்கொள்ளும். ஆனால் அம்மாவுக்கு ஆஸ்துமா வீசிங்கும் உண்டு என்பதால், துடிப்பைக் குறைக்கும் வேறு மருந்தான ஐவாப்ரடின் கொடுத்தார். எந்த இன்ஹேலரை எப்போது எடுப்பது என்றும் எழுதிக் கொடுத்தார். இதை அவசியம் கேளுங்கள், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். முந்தின நாளிலிருந்து காபி, டீ கிடையாது. சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தார்கள்.

மூச்சுக்கு வீட்டிலேயே பழகினோம். கட்டிலில் மல்லாக்கப் படுத்து, கையைத் தலைக்கு மேல் வைத்து, நான் எவர்சில்வர் டம்ளரில் கரண்டியால் தட்டி எண்ணுவேன். முதல் நாள் நாலு தட்டு. அஞ்சாறு நாளில் பதினொன்று. சி.டி.க்குப் பத்து நொடி அளவுக்குத்தான் வேண்டும். அங்கிருந்த டெக்னீஷியன், "முழுசா இழுக்காதீங்கம்மா, முக்கால் மூச்சு போதும், அப்படியே நிறுத்துங்க" என்றார். முழு மூச்சு இழுத்தால்தான் அம்மாவுக்கு இருமல் வரும். அந்த ஒரு வார்த்தையில் வேலை முடிந்தது.

இன்னொன்று, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். அப்பாவின் பழைய நுரையீரல் சி.டி. ஃபிலிமும் ரிப்போர்ட்டும் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். நெஞ்சுக்கு எடுத்த சி.டி.யில் இதயமும் விழுந்திருக்கும். ரத்தக்குழாயில் படிந்த சுண்ணாம்பு அதிலேயே வெள்ளையாகத் தெரியும். அம்மாவின் படத்தை டாக்டர் வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார், இதயத்தின் ஓரமாக ரவை சிந்தியது போல நாலைந்து புள்ளி. இரண்டு வருடத்துக்கு முந்தைய ரிப்போர்ட்டின் கடைசி வரியிலேயே அது இருந்தது. யாரும் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் நுரையீரல் பகுதியோடு படிப்பதை நிறுத்திவிட்டோம். நுரையீரல் தமனி பக்கத்து மகாதமனியைவிடப் பருத்திருக்கிறதா என்றும் அதே படத்தில் பார்க்கலாம். பருத்திருந்தால் நுரையீரலுக்குள் ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம்.

கான்ட்ராஸ்ட் இல்லாமல் கால்சியம் ஸ்கோர் மட்டும் எடுத்தால் போதாதா என்றும் கேட்டேன். சுண்ணாம்பு எவ்வளவு என்பதை அது சொல்லும், அடைப்பு எவ்வளவு என்று சொல்லாது, சுண்ணாம்பு ஏறாத மென்மையான கொழுப்பும் அதில் தெரியாது என்றார்.

அம்மாவுக்கு ஒரு குழாயில் அடைப்பு, பாதிக்கும் குறைவு. ஸ்டென்ட் வேண்டாம், தினம் இரவு கொழுப்பைக் குறைக்கும் ஒரு ஸ்டாட்டின் மாத்திரை. அன்று படியில் வந்தது நுரையீரல் இளைப்புதான் என்றார்கள். இப்போது அதே படியில் நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிவிடுகிறார்.