பலெர்மோவில் உதைபந்தாடும் மகனுக்கு எந்தப் பள்ளி?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. தம்பிக்குப் பதினான்கு வயது, நடுநிலைப் பள்ளியில் கடைசி ஆண்டு, உள்ளூர்க் கழகத்தில் நடுக்கள வீரன். அறைச் சுவரில் இத்தாலிய உதைபந்தாட்ட வீரர் எதோவார்தோ போவேயின் படத்தை ஒட்டி வைத்திருக்கிறான். "ஆடிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு நின்று விழுந்த பிள்ளையையா இவன் பின்பற்ற வேண்டும்?" என்றும், அடுத்து எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாயின் பயம் நியாயமானது. ஆனால் தம்பி நல்ல ஆளைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறான். அந்தப் பிள்ளையின் கதையை விழுந்த நாளிலிருந்து தொடங்காமல், முதலிலிருந்து பார்ப்போம்.

போவே 2002 மே மாதம் ரோமில் பிறந்தவர். பத்து வயதளவில் ரோமா கழகத்தின் சிறுவர் அணியில் சேர்ந்தார். முதன்மை அணிக்காக அவர் முதன்முதலில் இறங்கியது 2021 மே மாதம். இடையில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள். இந்தக் கணக்கை வீட்டில் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டுகளில் அவருடன் பயிற்சி எடுத்த பிள்ளைகளில் பெரும்பாலானோரின் பெயர் நமக்குத் தெரியாது. 2022இல் ரோமா ஐரோப்பிய மாநாட்டுக் கிண்ணத்தை வென்றபோது அவரும் அணியில் இருந்தார். 2023 மே மாதம் யூரோப்பா லீக் அரையிறுதியில் ஜெர்மனியின் லெவர்குசன் கழகத்துக்கு எதிராக முதல் ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தார். இவ்வளவு உயரத்தில் ஓடிக்கொண்டிருந்த காலத்திலும் ரோமின் லுயிஸ் பல்கலைக்கழகத்தில் பொருளியலும் முகாமைத்துவமும் படிக்கச் சேர்ந்திருந்தார். தம்பிக்கு இதைச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அறிவுரை, போவே செய்தார் என்றால் செய்தி.

2024 கோடையில் ரோமா அவரை ஃபியோரென்டினா கழகத்துக்குக் கடனாக ஆட அனுப்பியது. டிசம்பர் 1, புளோரன்ஸ் நகரில் மிலானின் இன்டர் அணியுடன் ஆட்டம். பதினேழாவது நிமிடமளவில் சப்பாத்துக் கயிற்றைக் கட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்தார். இதயம் நின்றுவிட்டது. உடனடிச் சிகிச்சையால் பிழைத்தார். பின்னர் இதயத் துடிப்பு தவறினால் அதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் சிறு கருவியை உடலில் பொருத்தினார்கள். அப்போது அவருக்கு வயது 22.

இதற்குப் பின் நடந்ததுதான் தொழில் ஆலோசகராக எனக்கு முக்கியம். அந்தக் கருவியுடன் இத்தாலியில் தொழில்முறை உதைபந்தாட்டம் ஆட அனுமதி இல்லை. கால் நன்றாக இருக்கிறது, திறமை இருக்கிறது, ஆனால் பிறந்த நாட்டின் விதி வழிவிடவில்லை. இது அவருக்கு முன்பே நடந்திருக்கிறது. டென்மார்க் வீரர் எரிக்சன் 2021 யூரோ போட்டியில் விழுந்தார். அதே கருவியால் இன்டர் கழகத்துடனான ஒப்பந்தம் முடிந்தது. 2022 ஜனவரியில் இங்கிலாந்தின் பிரென்ட்ஃபோர்ட் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. போவேயும் 2026 ஜனவரியில் இங்கிலாந்துக்கே போய் வாட்ஃபோர்டில் சேர்ந்தார். ஓராண்டுக்கு மேல் ஆட்டமில்லாமல் காத்திருந்த அந்த இளைஞருக்குப் பந்து மட்டுமே வாழ்க்கையாக இருந்திருந்தால், அந்த மாதங்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இத்தாலியின் இந்தக் கண்டிப்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உதைபந்தாட்டத்தில் பன்னிரண்டு வயதிலிருந்து போட்டிகளில் ஆட விளையாட்டு மருத்துவரின் தகுதிச் சான்று தேவை, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், ஈ.சி.ஜி. கட்டாயம். இப்படிப்பட்ட பரிசோதனை வந்தபின் வெனெட்டோ பகுதியில் இளம் விளையாட்டு வீரர்களின் திடீர் இதய மரணங்கள் 89 சதவீதம் குறைந்ததாக 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. நம்மவர்கள் சிலர் இதை முத்திரை குத்தி வாங்கும் தாளாக நினைக்கிறார்கள். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தால், ஊரில் நடந்ததென்றாலும், மருத்துவரிடம் சொல்லுங்கள். தம்பி ஓடும்போது மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால், அணியிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்று பயந்து மறைக்க விடாதீர்கள்.

இனி பள்ளி. ஜனவரியில் பதிவு தொடங்கும், அதற்குள் முடிவு வேண்டும். பயிற்சிக்கு நேரம் கிடைக்கும் என்பதற்காக மட்டும் சுலபமான குறுகிய தொழிற்படிப்பில் சேர்ப்பதை நான் ஏற்கவில்லை. அறிவியல் லிச்சேயோவில், அதாவது பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தப்படுத்தும் ஐந்து ஆண்டு உயர்நிலைப் பள்ளியில், விளையாட்டுப் பிரிவு ஒன்று இருக்கிறது. அங்கே லத்தீன் இல்லை. விளையாட்டுத் துறைக்கான சட்டமும் பொருளியலும் உண்டு. பெயரைப் பார்த்து ஆடிப்பாடும் பள்ளி என்று எண்ண வேண்டாம். கணிதமும் பௌதிகமும் முழுமையாகவே இருக்கின்றன. ஐந்து ஆண்டு முடிவில் அரச பரீட்சையில் தேறினால் பல்கலைக்கழகக் கதவு எல்லாப் பக்கமும் திறந்திருக்கும். கணிதம் அவனுக்கு வராது என்றால் தொழில்நுட்பப் பள்ளியும் நல்லது, அதுவும் ஐந்து ஆண்டே. உயர்நிலையில் ஆடும் மாணவர்களுக்குப் பரீட்சை நாட்களை ஒழுங்குபடுத்தித் தரும் கல்வி அமைச்சின் திட்டமும் இருக்கிறது. எல்லோருக்கும் கிடைக்காது, தம்பி அதற்குத் தகுதியானவனா என்று பள்ளியில் கேளுங்கள்.

இத்தாலியக் குடியுரிமை இல்லாததால் கழகம் தம்பியைக் கைவிடுமோ என்ற கவலை வேண்டாம். பத்து வயதுக்கு முன்பிருந்தே இத்தாலியில் முறைப்படி வசிக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளை இத்தாலியப் பிள்ளைகளைப் போலவே விளையாட்டுச் சம்மேளனத்தில் பதிய 2016இன் 12ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. தேசிய அணிக்குத்தான் குடியுரிமை தேவை. அவன் அங்கேயே பிறந்து இடைவிடாமல் வளர்ந்தவன் என்பதால் 18 வயதானதும் விண்ணப்பிக்கலாம், 19க்கு முன் செய்துவிட வேண்டும். ஊருக்குப் போய் நெடுநாள் தங்கியிருந்தால் அந்தக் காலத்துக்கான பள்ளி, மருத்துவப் பத்திரங்களை இப்போதே சேர்த்து வையுங்கள்.

பெரிய கழகத்தில் சோதனை ஆட்டம் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் ஒரு யூரோவும் கொடுக்காதீர்கள். உண்மையில் பிள்ளை வேண்டுமென்றால் கழகமே தேடி வரும்.

இலண்டனில் மருத்துவம் படிக்கும் மாமன் மகளோடு ஒப்பிடுவதையும் நிறுத்திவிடுங்கள். பதிவுக்கு முன் இரண்டு பள்ளிகளின் திறந்த நாட்களுக்குத் தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பயிற்சி முடிந்து வீடு வர எத்தனை மணியாகும், பஸ் இருக்கிறதா, வீட்டுப்பாடம் எப்போது செய்வான் என்று அவனையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டுப் பேசுவோம்.