பதினொன்றில் நுண்ணினப் பொருளியல், பன்னிரண்டில் பேரினப் பொருளியல்: ஏன் இந்தப் பிரிவு?

தக்காளி விலை ஏறியதும் ஒரு வீட்டு ரசம் வெறும் புளியோடு நின்றுவிடுவது போன்ற தனித்தனி முடிவுகளை ஆராய்வது, தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பில் வரும் நுண்ணினப் பொருளியல். நாடு முழுவதற்குமான விலைவாசி, வேலைவாய்ப்பு, தேசிய வருமானம் ஆகியவற்றை ஆராய்வது பன்னிரண்டாம் வகுப்பின் பேரினப் பொருளியல். ஒருவருக்குப் பொருந்துவது எல்லோருக்கும் சேர்த்துப் பொருந்தாமல் போகலாம் என்பதே இப்பிரிவுக்குக் காரணம். தெருக்கூத்தில் ஒருவர் மட்டும் எழுந்து நின்றால் அவருக்கு நன்றாகத் தெரியும். எல்லோரும் எழுந்துவிட்டால் கால்வலிதான் மிச்சம். அதுபோல ஒரு குடும்பம் செலவைச் சுருக்கினால் அதன் சேமிப்பு கூடும். ஊரே சுருக்கினால் கடைகளில் விற்பனை விழுந்து, அங்கே வேலை செய்பவர்களின் வருமானமும் சேமிப்பும் குறையக்கூடும் (மாணவர்கள் தடுமாறும் இடம் இதுதான்). வணிகவியல் பிரிவில் கணக்குப்பதிவியலுடன் சேர்ந்தே வருவதால் பொருளியலையும் வரவு செலவு எழுதும் பாடமாகப் பலர் நினைக்கின்றனர். ஆனால் வரலாற்றுப் பிரிவு மாணவர்களும் படிக்கும் சமூக அறிவியல் பாடம் இது.