ஸ்ப்ரிங் செமஸ்டருக்குத்தான் இடம் என்கிறார்கள், ஏற்றுக்கொள்ளலாமா?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது: அமெரிக்காவில் பள்ளி முடிக்கப்போகும் மகன். அவன் மிகவும் ஆசைப்பட்ட பல்கலைக்கழகம், ஆகஸ்டில் வேண்டாம், ஜனவரியில் தொடங்கும் ஸ்ப்ரிங் செமஸ்டருக்கு வந்து சேர் என்கிறது. இன்னொரு நல்ல கல்லூரி ஆகஸ்டிலேயே சேர்த்துக்கொள்ளத் தயார். மே 1க்குள் ஏதாவது ஒன்றுக்கு டெபாசிட் கட்டியாக வேண்டும்.

என் மகளும் ஜனவரியில் சேர்ந்தவள்தான். அதை வைத்துச் சொல்கிறேன்: ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை அவன் என்ன செய்யப்போகிறான் என்பதற்கு உறுதியான பதில் இருந்தால் தாராளமாக ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பதில் கிடைக்காதவரை கல்லூரியின் பெயருக்காக மட்டும் பணம் கட்டாதீர்கள்.

ஸ்ப்ரிங் இடம் என்றால் இரண்டாம் தரமோ என்று எங்கள் உறவினர்களும் கேட்டார்கள். அப்படி இல்லை. டிசம்பரில் சிலர் படிப்பை முடித்துக்கொண்டு போகிறார்கள், சிலர் ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படிக்கக் கிளம்புகிறார்கள். டார்மில், அதாவது கல்லூரி விடுதியில், காலியாகும் அந்த இடங்களை நிரப்பக் கல்லூரிகளுக்கு ஆள் தேவை. இன்னொரு காரணமும் உண்டு. காமன் டேட்டா செட் என்று கல்லூரிகள் வெளியிடும் புள்ளிவிவரப் படிவத்தில் காட்டும் முதலாண்டு மாணவர்களின் எஸ்ஏடி தேர்வு மதிப்பெண்கள் ஃபாலில், அதாவது ஆகஸ்டில் தொடங்கும் செமஸ்டரில், சேர்ந்தவர்களுடையவை. ஜனவரியில் வருபவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. கல்லூரிக்கு அது வசதி. உங்கள் பையனுக்கு அதனால் நஷ்டம் எதுவும் இல்லை, கடைசியில் வாங்கும் பட்டம் ஒன்றுதான்.

ஆனால் கல்லூரிக்குக் கல்லூரி நடத்தும் விதம் ரொம்பவே மாறுகிறது. வெர்மான்ட்டில் உள்ள மிடில்பரி கல்லூரியில் பிப்ரவரியில் ஒரு அணியையே சேர்க்கிறார்கள். அவர்களுக்கு 'ஃபெப்' என்றே பெயர். தனி அறிமுக நிகழ்ச்சி உண்டு, படிப்பு முடிந்ததும் அங்கியோடு பனிச்சரிவில் சறுக்கி இறங்கும் கொண்டாட்டமும் உண்டு. மேரிலேண்ட் பல்கலைக்கழகம் ஸ்ப்ரிங் மாணவர்களுக்கென்றே ஃபாலில் பிற்பகல், மாலை வகுப்புகள் நடத்தி வந்திருக்கிறது. பெர்க்லியிலும் அப்படி ஒரு ஃபால் திட்டம் இருந்திருக்கிறது. இந்த மாதிரி ஏற்பாடு இருக்கும் இடத்தில் பிள்ளை தனியாக நிற்க மாட்டான். சும்மா ஜனவரியில் வா என்று மட்டும் சொல்லும் இடத்தில் எல்லாம் நம் தலையில்தான்.

இதில் நான் மிக முக்கியமாக நினைப்பது பாடங்களின் வரிசை. மகளுடைய துறை இணையத்தில் போட்டிருந்த நான்கு வருட அட்டவணையை அச்செடுத்துச் சாப்பாட்டு மேஜையில் விரித்தோம். கட்டம் கட்டமாகப் பாடங்கள், நடுவில் அம்புக்குறிகள். முதல் ஃபாலில் கெமிஸ்ட்ரி 1, அதை முடித்தால்தான் ஸ்ப்ரிங்கில் கெமிஸ்ட்ரி 2. அவள் பென்சிலால் முதல் கட்டத்தை அடித்துவிட்டு, அம்புக்குறி போன வழியெல்லாம் விரலை வைத்துக்கொண்டே போனாள். அந்த ஒரு பாடம் தள்ளிப்போனால் மூன்றாம் வருடப் பாடம் வரை இழுத்தது. அந்தப் பாடத்தைப் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் படித்தால் ஏற்பீர்களா என்று பாட எண்ணோடு கேட்டு மின்னஞ்சல் அனுப்பினாள். ஏற்போம் என்று எழுத்தில் பதில் வந்த பிறகுதான் பணம் கட்டினோம். தொலைபேசியில் யாரோ சரி என்றார்கள் என்பதெல்லாம் போதாது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. வெளியில் அதிகக் கிரெடிட் (பாடங்களுக்கான புள்ளிகள்) எடுத்தால் சில கல்லூரிகள் பிள்ளையை வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும் டிரான்ஸ்ஃபர் மாணவனாகக் கணக்கிட்டுவிடும், முதலாண்டு மாணவர்களுக்கான ஸ்காலர்ஷிப் கைவிட்டுப் போகலாம். இன்னொரு கல்லூரியில் முழுநேர மாணவனாகச் சேரவே கூடாது என்று நிபந்தனை போடும் இடங்களும் உண்டு. ஆஃபர் கடிதத்தின் கடைசிப் பக்கம்வரை படியுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவிக்கான ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. ஜனவரியில் சேர்ந்தாலும் அதே கல்வியாண்டுக்கான எஃப்ஏஎஃப்எஸ்ஏ என்ற உதவி விண்ணப்பப் படிவம்தான், உதவி பொதுவாக ஒரு செமஸ்டருக்கு மட்டும் வரும். கல்லூரி தரும் ஸ்காலர்ஷிப் எட்டு செமஸ்டருக்கா, இல்லை குறிப்பிட்ட தேதியோடு முடிகிறதா என்பதைத் தனியாகக் கேளுங்கள்.

இந்தியாவிலிருந்து எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வருபவர்களுக்கு இது இன்னும் சிக்கல். விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாட்களுக்கும் மேல் முன்னதாக நாட்டுக்குள் நுழைய முடியாது. ஃபாலில் இங்கே வேறு கல்லூரியில் படிக்க வேண்டுமென்றால் அந்தக் கல்லூரியின் ஐ-20யில் வந்து, பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும்.

மனசு விஷயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஆகஸ்டில் தோழிகள் எல்லாரும் டார்ம் அறைப் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தபோது இவள் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருவாள். எனக்குத் தொண்டை அடைத்தது. வகுப்புகள் தொடங்கியதும் அது குறைந்தது. ஜனவரியில் போனபோது மூன்று பெண்கள் ஏற்கெனவே நெருக்கமாகிவிட்ட அறையில் நான்காவது ஆளாக இடம் கிடைத்தது. கலகலப்பானவள், ஒரு மாதத்தில் ஒட்டிக்கொண்டாள். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு இன்னும் நாளாகலாம், அதைப் பெற்றவர்கள்தான் எடைபோட வேண்டும்.

உங்கள் மகன் பொறியியலுக்குப் போகிறான், முதல் ஃபாலின் கணிதம், இயற்பியலை வெளியில் படித்தால் ஏற்க மாட்டோம் என்கிறார்கள் என்றால், நான் ஆகஸ்டில் கூப்பிடும் கல்லூரியைத்தான் எடுப்பேன். வரலாறு, பொருளாதாரம் போன்ற துறை, ஃபாலுக்கு ஒரு திட்டமும் இருக்கிறது, அவனும் அதே கல்லூரிதான் வேண்டும் என்கிறான் என்றால் ஜனவரிக்கே சரி சொல்லுங்கள். எதுவானாலும் இந்த வாரமே துறையின் அட்வைசருக்கு எழுதுங்கள், ஏப்ரல் கடைசியில் அவர்களிடமிருந்து பதில் வாங்குவது பெரும்பாடு.