பைத்தான் டெக்கரேட்டர்: கேள்வி பதில்

கேள்வி: ஃபங்ஷனுக்கு மேலே @ போட்டு ஒரு வரி எழுதுகிறார்களே, அது என்ன செய்கிறது?

பதில்: கூட்டு என்று ஒரு ஃபங்ஷன் எழுதி, அதற்கு மேலே @பதிவு என்று போட்டால், பைத்தான் அதை இப்படி எடுத்துக்கொள்ளும்:

கூட்டு = பதிவு(கூட்டு)

அவ்வளவுதான். பைத்தானில் ஃபங்ஷனும் ஒரு ஆப்ஜெக்ட். இன்னொரு ஃபங்ஷனிடம் கொடுக்கலாம், திருப்பி வாங்கலாம். பதிவு என்பதுதான் இங்கே டெக்கரேட்டர். அது பழைய கூட்டை வாங்கிக்கொண்டு, உள்ளே 'உறை' என்று புதிதாக ஒன்றை உருவாக்கித் திருப்பித் தருகிறது. அதற்கப்புறம் கூட்டு என்ற பெயர் அந்த உறையைத்தான் குறிக்கும். 2004-இல் 2.4 பதிப்பில் @ வரும்வரை இந்த வரியைக் கையால்தான் எழுத வேண்டியிருந்தது. எங்கே குழம்பினாலும் @ஐ எடுத்துவிட்டு இந்த வரியை எழுதிப் பாருங்கள்.

கேள்வி: அக்கா, ஃபங்ஷனைக் கூப்பிடவே இல்லை. இம்போர்ட் செய்ததுமே டெக்கரேட்டரில் உள்ள பிரிண்ட் ஓடிவிடுகிறதே?

பதில்: கூட்டு = பதிவு(கூட்டு) என்ற வரியில் பதிவைக் கூப்பிடுகிறோம் இல்லையா? ஃபைலைப் படிக்கும்போதே அது ஓடிவிடும். உறைக்குள் எழுதியது மட்டும்தான் கூட்டைக் கூப்பிடும்போது ஓடும். பிரிண்டை அங்கே நகர்த்துங்கள்.

கேள்வி: டெக்கரேட்டர் போட்டதிலிருந்து விடையாக நன் (None, அதாவது மதிப்பு எதுவும் இல்லை) மட்டுமே வருகிறது.

பதில்: உறைக்குள் ரிட்டர்ன் விட்டுப்போயிருக்கும்.

கேள்வி: @மீண்டும்(3) என்று எண் கொடுக்கிற டெக்கரேட்டரில் ஏன் மூன்று டெஃப் (def, ஃபங்ஷன் எழுதத் தொடங்கும் சொல்)? அடைப்புக்குறியை விட்டால் எரர் வருகிறது.

பதில்: இதையும் விரித்து எழுதுங்கள்:

கூட்டு = மீண்டும்(3)(கூட்டு)

மீண்டும்(3) முதலில் ஓடி ஒரு டெக்கரேட்டரைத் தருகிறது. அந்த டெக்கரேட்டர் கூட்டை வாங்கி உறையைத் தருகிறது. அதனால்தான் மூன்று அடுக்கு. அடைப்புக்குறி இல்லாவிட்டால் 3 போக வேண்டிய இடத்தில் கூட்டு போய் உட்கார்ந்துவிடும். கூட்டு என்ற பெயரில் நடு அடுக்கு நிற்கும். அதற்கு ஒரே ஆர்க்யுமென்ட்தான் தெரியும். நீங்கள் கூட்டு(2, 5) என்று கூப்பிட்டதும் டைப் எரர்.

கேள்வி: ஹெல்ப் போட்டால் கூட்டுக்குப் பதில் உறையின் பெயர் வருகிறது. பெரிய தப்பா?

பதில்: கணக்கு சரியாகத்தான் வரும், ஆனால் அப்படியே விடாதீர்கள். நாளைக்கு உங்கள் நிரலைப் படிப்பவருக்கு டாக்ஸ்டிரிங்கும் (ஃபங்ஷனுக்குள் எழுதிவைத்த விளக்கம்) கிடைக்காது. பைத்தானோடு வரும் ஃபங்க்டூல்ஸ் (functools) மாட்யூலில் ராப்ஸ் (wraps) என்று ஒன்று இருக்கிறது. பழைய ஃபங்ஷனை ஆர்க்யுமென்டாகக் கொடுத்து உறைக்கு மேலே அதைப் போட்டால் பழைய பெயரும் விளக்கமும் உறைக்கு வந்துவிடும். ராப்ஸும் ஒரு டெக்கரேட்டர்தான், ஆர்க்யுமென்ட் வாங்குகிற வகை.