ஏழு நாளில் புதிய குடலா? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

குடலின் உட்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை தானாகவே மாறிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அம்மாவுக்கு இரண்டு மாதமாக வயிறு சரியில்லை. அடிக்கடி பேதியாகிறது, எடையும் குறைகிறது. எங்கள் அபார்ட்மென்டில் ஒருவர் ஒரு பொடி கொடுத்தார். பாக்கெட்டில் "ஏழே நாளில் புதிய குடல், செல் புதுப்பித்தலை வேகப்படுத்தும்" என்று போட்டிருக்கிறது. தானாக நடப்பதை இன்னும் வேகமாக நடக்கவைத்தால் நல்லதுதானே?

க., ராமமூர்த்தி நகர், பெங்களூரு

அன்புள்ள க.,

நல்லதல்ல. அதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

சிறுகுடலின் ஒரு மெல்லிய சீவலைச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், உணவை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் ரோஜா நிறத்தில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு நடுவே சுவருக்குள் இறங்கும் சின்னச் சின்னக் குழிகள். குழியின் அடியில் சிவப்புத் துகள்கள் நிறைந்த பானத் செல்கள். அவற்றின் இடுக்கில் ஒல்லியாகச் செருகிக்கொண்டிருப்பவைதான் ஸ்டெம் செல்கள், அதாவது புதுச் செல்களைப் பிறப்பிக்கும் மூலச் செல்கள். 2007இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளவர்ஸின் குழு எல்ஜிஆர்5 என்ற மரபணுவை அடையாளமாக வைத்து இவற்றைக் கண்டுகொண்டது. புல் அடியிலிருந்து வளர்வதுபோல, இங்கே பிறக்கும் செல்கள் மேலே தள்ளப்படுகின்றன. வழியில் முதிர்ந்து, மூன்று முதல் ஐந்து நாட்களில் நுனிக்குப் போய் உதிர்ந்துவிடுகின்றன.

குழியின் அடியில் வின்ட் என்ற சமிக்ஞை பலமாக இருக்கும். பானத் செல்களும் குழியைச் சுற்றியுள்ள திசுவும் அந்தப் புரதத்தைச் சுரக்கின்றன. அது கிடைக்கும்வரை ஸ்டெம் செல் பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கும். மேலே போகப் போக வின்ட் குறைந்து, பிஎம்பி என்ற எதிர்ச் சமிக்ஞை கூடும். பிரிந்தது போதும், இனி வேலையைப் பார் என்பதுதான் அது சொல்லும் சேதி. நாட்ச் என்று இன்னொன்றும் உண்டு. பக்கத்துச் செல்லைத் தொட்டு நடக்கும் பேச்சு அது. எந்தச் செல் உணவை உறிஞ்ச வேண்டும், எது சளியைச் சுரக்க வேண்டும் என்பது அதில் முடிவாகிறது.

எனக்குத் தீராத ஆச்சரியம், இதையெல்லாம் நிறுத்திவைக்கும் ஏற்பாடுதான். வின்ட் வராத நேரத்தில் செல்லுக்குள் அதன் கட்டளையைக் கொண்டுசெல்லும் பீட்டா கேட்டனின் என்ற புரதம் சேர்ந்துவிடாமல் அழிக்க ஏபிசி என்ற புரதம் உதவுகிறது. பிறவியிலேயே அதன் மரபணு பழுதான குடும்பங்கள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்குப் பதின்வயதிலேயே பெருங்குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப்கள் என்ற சதைமொட்டுகள் முளைக்கும். சிகிச்சை செய்யாவிட்டால் புற்றுநோய் ஏறக்குறைய நிச்சயம். பரம்பரையில்லாமல் வரும் பெருங்குடல் புற்றுநோய்களிலும் பெரும்பாலானவற்றில் இதே மரபணு கெட்டிருக்கிறது. வேகத்தைக் கூட்டுவதும் முடியாத காரியமல்ல. ஆர்-ஸ்பாண்டின் என்ற புரதம் வின்ட் சமிக்ஞையைத் தூக்கிவிடும். 2005இல் எலிகளில் அதை அதிகமாக்கிப் பார்த்தார்கள். குழிச் செல்கள் பெருகிக் குடல் தடித்து, வயிறு வீங்கியது. ஏழு நாளில் புதுக்குடல் என்று விற்பவர் எதைத் தூண்டப்போவதாகச் சொல்கிறார் என்று அவருக்கே தெரியுமா என்பது என் கவலை.

அப்புறம் சீலியாக் நோயைப் பாருங்கள். கோதுமையில் உள்ள குளூட்டனால் நோயெதிர்ப்பு மண்டலம் கிளறப்பட்டு, குடலுறிஞ்சிகளின் செல்கள் சீக்கிரம் சாகின்றன. ஈடுகட்டக் குழிகள் நீண்டு, செல்களை முன்னைவிட வேகமாகத் தயாரித்து மேலே அனுப்புகின்றன. அவையோ முழுதாக முதிராமலே நுனிக்கு வந்துவிடுகின்றன. விரல்கள் மழுங்கிச் சுவர் தட்டையாகிவிடுகிறது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் பேதியும் எடைக்குறைவும் வருகின்றன. அங்கே புதுப்பித்தல் ஏற்கெனவே அதிவேகத்தில்தான் நடக்கிறது, ஆனாலும் ஆள் மெலிகிறார். குளூட்டனை அடியோடு நிறுத்தினால் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், குடல் தானே தேறிவருகிறது.

அம்மாவுக்கு இதுதான் என்று சொல்லவில்லை. இந்நோய் வட இந்தியாவில்தான் அதிகம், நம் பக்கம் குறைவு. தைராய்டு, தொற்று, மாத்திரைகளின் பக்கவிளைவு என்று வேறு காரணங்கள் நிறைய. ஆனால் இரண்டு மாதப் பேதியும் எடைக்குறைவும் பொடியோடு விடக்கூடியவை அல்ல. இந்த வாரமே ஒரு குடல்நோய் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மலத்தில் ரத்தமோ கறுப்பு நிறமோ இருந்தால் அன்றைக்கே. பாக்கெட்டையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். இரவில் அம்மா சப்பாத்தி சாப்பிடுபவராக இருந்தால் பரிசோதனைக்கு முன் நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள். கோதுமையை விட்டுவிட்டால் சீலியாக்குக்கான ரத்தப் பரிசோதனையிலும், குடலில் துளி திசு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியிலும் நோய் தெரியாமல் போகலாம்.